உங்களுக்குத் தெரியுமா? கெர்னலில் முந்துவது யார்?

கணினியின் நினைவகத்தை யாருக்கு, எவ்வளவு, எப்போது என்று பங்கிட்டுக் கொடுப்பது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் கெர்னல். பல கோர்கள் ஒரே சமயத்தில் அதன் வாசலில் நிற்கும்போது, யார் முந்தினார் என்பதைப் பொறுத்து விடை மாறிப்போனால் அதற்குப் பெயர் ரேஸ் கண்டிஷன். பத்தாயிரம் முறை சரியாக ஓடிவிட்டு ஒருமுறை மட்டும் கவிழ்க்கும் பிழை இது. அதை வேட்டையாடும் கலையிலிருந்து சில செய்திகள்.

நடுவில் ஒரு சந்து

கல்யாணப் பந்தியில் காலியாக இருக்கும் ஒரே இலையை இரண்டு பேர் பார்க்கிறார்கள். இருவரும் பார்த்தது உண்மைதான், ஆனால் உட்காரப் போகும்போது சிக்கல். கெர்னலிலும் இதே கதை. நினைவகத்தை அது ‘பக்கம்’ என்ற துண்டுகளாகத்தான் பங்கிடுகிறது. ‘இந்தப் பக்கம் காலியா?’ என்று பார்ப்பது ஒரு வேலை, அதை எடுத்துக்கொள்வது இன்னொரு வேலை. இரண்டுக்கும் நடுவே உள்ள சந்தில்தான் ரேஸ் நுழைகிறது. ஓர் எண்ணோடு ஒன்றைக் கூட்டுவதுகூடப் படி, கூட்டு, எழுது என்ற மூன்று படிகள்தான். இரண்டு கோர்கள் ஒன்றாகச் செய்தால் ஒரு கூட்டல் காணாமல் போகலாம்.

இரண்டாம் முறை பார்ப்பதே மரபு

ஒரே புரோகிராமின் இரண்டு த்ரெட்கள், இன்னும் ஒதுக்கப்படாத ஒரே பக்கத்தை ஒரே நேரத்தில் தொட்டால் என்ன ஆகும்? லினக்ஸ் கெர்னலில் இருவருக்காகவும் ஆளுக்கொரு புதிய பக்கம் தயாராகலாம். பிறகு பக்க அட்டவணையின் பூட்டை முதலில் பிடித்தவர் தன் பக்கத்தைப் பதிவு செய்துவிடுவார். பின்னால் வந்தவர் பூட்டைப் பிடித்ததும், தான் முதலில் பார்த்த பதிவு அப்படியே இருக்கிறதா என்று மறுபடி சரிபார்ப்பார். மாறியிருந்தால் தன் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விலகுவார். இந்த மறுபார்வை எங்காவது விட்டுப்போயிருக்கிறதா என்று தேடுவது, பிழை வேட்டைக்காரர்களின் முதல் வேலைகளில் ஒன்று.

ஒன்பது ஆண்டு ஒளிந்திருந்த ‘டர்ட்டி கவ்’

2016 அக்டோபரில் வெளிப்பட்ட இந்தப் பிழை, 2007இல் வந்த லினக்ஸ் 2.6.22 முதலே கெர்னலில் இருந்தது. படிக்க மட்டும் அனுமதி உள்ள ஒரு கோப்பை நினைவகத்தில் விரித்து, அதில் எழுதச் சொன்னால் கெர்னல் முதலில் ஒரு நகல் எடுக்கும். எழுத்து நகலில் விழும், மூலம் தப்பிக்கும். ஆனால் நகல் எடுத்த மறுகணமே இன்னொரு த்ரெட், ‘இந்தப் பக்கம் எனக்கு வேண்டாம்’ என்று சொல்லி நகலைத் தூக்கி எறிந்தால்? நகல்தான் ஆயிற்றே என்று நம்பிய கெர்னல், அதற்குள் ‘எழுதப் போகிறேன்’ என்ற குறிப்பைக் கைவிட்டிருக்கும். அடுத்த முறை பக்கத்தைத் தேடும்போது கையில் கிடைப்பது மூலம். எழுத்து அதிலேயே விழும். சாதாரணப் பயனர் ஒருவர் ரூட் அதிகாரத்தைக் கைப்பற்ற இது போதும்.

இந்தப் பிழையைப் பயன்படுத்தி நடந்த தாக்குதலை, தன் சர்வருக்கு வந்த இணையப் போக்குவரத்தின் பதிவிலிருந்து பிடித்தவர் ஃபில் ஓஸ்டர். திருத்தம் எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸ், முன்பே ஒருமுறை இதைச் சரிசெய்ய முயன்றதையும், வேறொரு கணினி வகையில் சிக்கல் எழுந்ததால் அந்தத் திருத்தம் திரும்பப் பெறப்பட்டதையும் தன் குறிப்பிலேயே பதிவு செய்திருக்கிறார்.

திருத்தத்துக்கே ஒரு திருத்தம்

அத்துடன் கதை முடியவில்லை. 2017 நவம்பரில், அந்தத் திருத்தம் 2 எம்பி அளவுள்ள பெரிய பக்கங்களுக்குப் போதாது என்று தெரியவந்தது. பக்கத்தில் எழுதப்பட்டதைக் காட்டும் குறியை நம்பித் திருத்தம் எழுதப்பட்டிருந்தது. பெரிய பக்கங்களிலோ எழுதாமலேயே அந்தக் குறி விழ வழி இருந்தது. ‘ஹியூஜ் டர்ட்டி கவ்’ என்று இதற்குப் பெயர் வைத்தார்கள்.

தேடினால் மறையும்

பிழை எங்கே என்று பார்க்க, நடுவில் ஒரு செய்தியை அச்சிடச் சொன்னால் பிழையே மறைந்துவிடுவதுண்டு. காரணம் எளிய கணக்கு. 1,15,200 பாட் வேகமுள்ள சீரியல் கன்சோலில் நொடிக்குச் சுமார் 11,500 எழுத்துகள்தான் போகும். 60 எழுத்துள்ள ஒரு வரிக்கு 5 மில்லி நொடி. அதற்குள் 3 கிகாஹெர்ட்ஸ் கோர் ஒன்றின் கடிகாரம் ஒன்றரைக் கோடி முறை துடித்திருக்கும். மோதவேண்டிய இருவரும் இவ்வளவு விலகிவிட்டால் மோதல் எங்கே நடக்கும்? அதனால்தான் லினக்ஸின் எஃப்ட்ரேஸ் வசதி, செய்திகளைக் கன்சோலுக்கு அனுப்பாமல் நினைவகத்திலேயே எழுதி வைக்கிறது. எல்லாம் முடிந்தபின் நிதானமாகப் படித்துக்கொள்ளலாம்.

வேகம் குறைந்தால் பிழை சிக்கும்

தாமதம் பிழையை மறைக்கும் என்றால், சரியான இடத்தில் வைத்த தாமதம் அதைப் பிடித்தும் கொடுக்கும். 2020இல் லினக்ஸ் 5.8உடன் வந்த கேசிசான் கருவி இதைத்தான் செய்கிறது. அவ்வப்போது ஒரு நினைவக முகவரியைத் தேர்ந்தெடுத்துக் காவல் வைக்கும். அதைத் தொட வந்த த்ரெட்டை வழக்கமாக 80 மைக்ரோ நொடி நிறுத்தி வைக்கும். அந்த இடைவெளியில் வேறு யாராவது அதே முகவரியைத் தொட்டால் இருவரின் தடத்தையும் அறிக்கையில் காட்டிவிடும். விண்டோஸ் கெர்னலுக்காக மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட டேட்டாகொலைடர்தான் இந்த யோசனைக்கு முன்னோடி.

கெர்னலுக்கு வெளியேயும் இதே பாடம்தான். 2003 ஆகஸ்ட் 14 அன்று வட அமெரிக்காவில் சுமார் 5 கோடிப் பேர் இருளில் மூழ்கினார்கள். அன்று மின்கட்டுப்பாட்டு அறையின் எச்சரிக்கை மென்பொருளை முடக்கிய ரேஸ் கண்டிஷனை, வேண்டுமென்றே தாமதங்களைப் புகுத்தித்தான் பல வாரங்களுக்குப் பின் வெளிக்கொண்டுவந்தார்கள்.

6பி 6பி 6பி

கெர்னல் விழுந்து கிடக்கும் அறிக்கையில் ‘6பி6பி6பி’ என்று ஒரு முகவரி தெரிந்தால் அனுபவசாலிகள் நிமிர்ந்து உட்காருவார்கள். சோதனை வசதியை இயக்கி வைத்திருந்தால், விடுவிக்கப்பட்ட நினைவகத் துண்டை லினக்ஸ் இந்த எண்ணால் நிரப்பி வைக்கும். ஆகவே அது தெரிகிறது என்றால், ஒருவர் விடுவித்துவிட்ட இடத்தை இன்னொருவர் இன்னும் தனதென்று நினைத்துப் படித்திருக்கிறார்.

எட்டில் ஒரு பங்கு காவலுக்கு

2015இல் லினக்ஸ் 4.0உடன் சேர்ந்த கேசான் கருவி, ஒவ்வொரு 8 பைட்டுக்கும் 1 பைட் வீதம் நிழல் கணக்கு வைக்கிறது. விடுவித்த துண்டுகளை உடனே மறுபயனுக்குக் கொடுக்காமல் சிறிதுகாலம் தனிமைப்படுத்தியும் வைக்கும். அதற்குள் யாராவது தொட்டால் கையும் களவுமாகப் பிடிபடுவார்கள்.

நடக்காத முட்டுக்கட்டையைச் சொல்லும் கருவி

ஓரிடத்தில் ‘அ’ பூட்டைப் பிடித்துவிட்டு ‘ஆ’ பூட்டைக் கேட்கிறார்கள். வேறோர் இடத்தில், வேறொரு நேரத்தில், ‘ஆ’வைப் பிடித்துவிட்டு ‘அ’வைக் கேட்கிறார்கள். இரண்டும் இதுவரை மோதவே இல்லை. ஆனாலும் இங்கே முட்டுக்கட்டை வர வழியுண்டு என்று லாக்டெப் எச்சரித்துவிடும். 2006இல் லினக்ஸ் 2.6.18உடன் வந்தது இது.

ஒரே பூட்டு, பதினைந்து ஆண்டு

1996இல் வந்த லினக்ஸ் 2.0, பல பிராசசர்களைக் கட்டுப்படுத்தக் கெர்னல் முழுவதற்கும் ஒரே பெரிய பூட்டைப் போட்டது. பாதுகாப்புதான், ஆனால் எல்லோரும் வரிசையில் நிற்கவேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகச் சிறு பூட்டுகளாகப் பிரித்து, 2011இல் 2.6.39 வந்தபோதுதான் அதை அடியோடு எடுத்தார்கள். பூட்டு சிறுத்தால் வேகம் கூடும். ரேஸ் புகும் இடங்களும் கூடும்.

‘ஸ்டாக்ராட்’ காட்டியது

2022 இறுதியில் வந்த லினக்ஸ் 6.1, ஒரு புரோகிராமின் நினைவகப் பகுதிகளைக் குறித்து வைக்க ‘மேபிள் ட்ரீ’ என்ற புதிய அமைப்புக்கு மாறியது. ஸ்டாக் வளரும்போது அந்த மரத்தின் ஒரு கணு மாற்றப்படும். அந்த மாற்றமோ படிப்பவர்களுக்கான பூட்டை மட்டும் பிடித்துக்கொண்டு நடந்தது. அதே பூட்டோடு உள்ளே இருந்த வேறொருவர், விடுவிக்கப்பட்ட பழைய கணுவையே படித்துக்கொண்டிருக்க நேரலாம். ‘ஸ்டாக்ராட்’ என்று பெயர்பெற்ற இந்தப் பிழையை 2023இல் ருய்ஹான் லி கண்டு அறிவித்தார். ஸ்டாக்கை வளர்க்க எழுதுவோருக்கான பூட்டு கட்டாயம் என்று மாற்றித் திருத்தினார்கள்.

இன்டெலில் ஓடும், ஏஆர்எம்மில் உடையும்

பக்கத்தை நிரப்பிவிட்டு ‘தயார்’ என்று கொடி ஏற்றுகிறது ஒரு கோர். இன்டெலின் எக்ஸ்86 பிராசசரில் மற்ற கோர்கள் இந்த எழுத்துகளை அதே வரிசையில்தான் காணும். ஏஆர்எம்மில் தடுப்பு ஆணை இல்லாவிட்டால், பக்கம் நிரம்புவதற்கு முன்பே கொடி கண்ணில் படலாம். சர்வரில் ஆண்டுக்கணக்காக ஓடிய நிரல் ஏஆர்எம் கைபேசியில் கவிழ இது ஒரு காரணம். எந்த வரிசைகள் சாத்தியம் என்பதைக் கணிதமாக எழுதி வைத்த நினைவக மாதிரி, 2018இல் லினக்ஸ் 4.17 முதல் கெர்னலுடனேயே வருகிறது.

எத்தனை முறை ஓட்டினால் நம்பலாம்?

பத்தில் ஒருமுறை மட்டும் தோன்றும் பிழை, திருத்திய பின் பத்து ஓட்டத்தில் வரவில்லை என்றால் நிம்மதி அடைய முடியாது. திருத்தமே செய்யாவிட்டாலும் அப்படி நடக்க நூற்றுக்கு 35 வாய்ப்பு உண்டு. 95 சதவீத உறுதிக்கு 29 சுத்தமான ஓட்டங்கள் வேண்டும், 99 சதவீதத்துக்கு 44. எந்த மாற்றத்தில் பிழை புகுந்தது என்று கிட் பைசெக்ட் வைத்துத் தேடுவோர், ஒவ்வொரு படியிலும் இந்தக் கணக்கைப் போட்டாகவேண்டும். ஒரு படியில் தவறாக ‘நல்லது’ என்று சொன்னாலும் தேடல் முழுவதும் தடம் மாறிப்போகும்.

இருபுறமும் கூர்

2015இல் லினக்ஸ் 4.3 தந்த யூசர்ஃபால்ட்எஃப்டி, ஓடும் மெய்நிகர் கணினியை இன்னொரு சர்வருக்கு மாற்றப் பெரிதும் உதவுவது. பக்கம் வரும்வரை கெர்னலைப் பாதி வேலையில் காக்கவைக்க அதனால் முடியும். மைக்ரோ நொடி இடைவெளியை நொடிக்கணக்கில் விரிக்க இதையே தாக்குபவர்களும் கையில் எடுத்தார்கள். அதனால் 5.11 முதல், கெர்னலுக்குள் எழும் இத்தகைய காத்திருப்பைக் கையாளச் சாதாரணப் பயனர்களுக்கு இயல்பாக அனுமதி இல்லை.

திருத்தம் எப்போது திருத்தம்?

‘இப்போது வருவதில்லை’ என்பது பதிலாகாது. சற்றே மாறிய நேரக்கணக்குகூடப் பிழையை மறைத்துவிடும். ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டு, முதல் த்ரெட்டின் படிகளை இடப்புறமும் இரண்டாவதன் படிகளை வலப்புறமும் எழுதுங்கள். எந்த வரிசையில் ஓடினால் உடைகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தால் பிழை புரிந்தது. அந்த வரிசை இனி ஏன் நிகழவே முடியாது என்று சொல்ல முடிந்தால் மட்டுமே அது திருந்தியது.