யூ.எஸ்.பி. ஹப்பும் திறன்பேசி இணைப்பும்

யூ.எஸ்.பி. ஹப் என்பது கணினியின் ஒரே யூ.எஸ்.பி. துறையில் (போர்ட்) பல கருவிகளை இணைக்க உதவும் கிளைப்பெட்டி ஆகும். 1996இல் வெளியான யூ.எஸ்.பி. சீர்தரத்தின் உருவாக்கத்தில், வதோதராவில் பயின்ற இன்டெல் பொறியாளர் அஜய் பட் முக்கியப் பங்காற்றினார்.

ஹப் வழியே இணைத்த திறன்பேசியைக் கணினி அறியாமல் போவதற்கு மின்பற்றாக்குறை ஒரு முக்கியக் காரணமாகும். யூ.எஸ்.பி. 2.0 துறை ஒன்று தரவேண்டிய மின்னோட்டம் 500 மில்லி ஆம்பியர். தனி மின்வழங்கி இல்லாத நான்கு துறை ஹப், அதில் 100-ஐத் தனக்கு ஒதுக்கிக்கொண்டு, மீதியைத் துறைக்கு 100 வீதம் பகிர்கிறது. திறன்பேசியோ 500 வரை கோரக்கூடியது. கோரிக்கை வரம்பை மீறினால் இயக்குதளம் இணைப்பையே மறுத்துவிடலாம்.

மின்னேற்றக் குறி தெரிவதைக் கொண்டு தரவு இணைப்பு உள்ளதெனக் கொள்ள இயலாது. யூ.எஸ்.பி. 2.0 வடத்தின் நான்கு கம்பிகளில் இரண்டு மின்சாரத்திற்கும் இரண்டு தரவிற்கும் உரியவை. மலிவான வடங்கள் சிலவற்றில் தரவுக் கம்பிகளே இரா. பார்வைக்கு வேறுபாடு தெரியாது என்பதே தொல்லை. மேலும், ஆண்ட்ராய்டு 6.0 (2015) முதல், கோப்புப் பரிமாற்றத்தைப் பயனரே தெரிவுசெய்ய வேண்டும்.

ஆகவே, முதலில் அதே வடத்தால் திறன்பேசியைக் கணினியில் நேரடியாக இணைத்துப் பார்க்க வேண்டும். கோப்புகள் தெரிந்தால், தனி மின்வழங்கி கொண்ட ஹப்பை முயலலாம். தெரியாவிடில் வேறு வடத்தையும் மேற்சொன்ன தெரிவையும் சோதிக்க வேண்டும். இவற்றுக்கு முன்பே திறன்பேசியைத் தொடக்க அமைப்புக்கு மீட்டமைத்தால், அதில் மட்டுமே உள்ள ஒளிப்படங்கள் அழிந்துவிடும்.