கை தூக்க முடியாத தோள்வலி: டெல்டாவில் எப்போது, யாரைப் பார்ப்பது?

'தோள்ல வாயு பிடிச்சிருக்கு, தைலம் தேய்ச்சா சரியாகிடும்.' தஞ்சாவூர் பக்கத்துக் கிராமங்களில் தோள்வலிக்குக் கிடைக்கும் முதல் பதில் பெரும்பாலும் இதுதான். அடுத்த பதில், 'அறுப்பு முடியட்டும், பார்க்கலாம்.' பல வலிகள் தானாகவே சரியாகிவிடும் என்பதும் உண்மை. ஆனால் சில தோள்களுக்கு அந்தக் காத்திருப்பே சிக்கலாகிவிடுகிறது. எந்த வலிக்குப் பொறுக்கலாம், எதற்கு உடனே கிளம்ப வேண்டும்?

தோளுக்கு மட்டும் ஏன் இந்தப் பாடு?

உடம்பிலேயே அதிகத் திசைகளில் அசையும் மூட்டு தோள்தான். ஆழமில்லாத கிண்ணத்தில் ஒரு பந்து உட்கார்ந்திருப்பது போன்ற அமைப்பு. அந்தப் பந்தை நழுவாமல் பிடித்து வைத்திருப்பவை 4 தசைகளும் அவற்றின் தசைநார்களும். இந்தக் கூட்டுக்கு 'ரொட்டேட்டர் கஃப்' என்று பெயர். வயது ஏற ஏற இந்த நார்கள் தேயும். கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ நெல் மூட்டை தூக்குவது, மண்வெட்டியால் வரப்பு வெட்டுவது, மருந்து டேங்க்கை முதுகில் மாட்டித் தெளிப்பது என்று வேலை முழுக்கத் தோளின் மேலேயே விழும்போது தேய்மானம் கூடும்.

பூட்டிக்கொண்டதா, கிழிந்ததா?

'ஃப்ரோசன் ஷோல்டர்' என்பதில் மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்கிவிடுகிறது. 40 முதல் 60 வயதுக்குள், பெண்களுக்குக் கூடுதலாக வரும். சர்க்கரை நோயாளிகளுக்கு வாய்ப்பு பல மடங்கு அதிகம். முதலில் ராத்திரி வலி, பிறகு இறுக்கம், கடைசியில் மெல்லத் தளர்வது என 3 கட்டங்கள். எல்லாம் முடிய 1 முதல் 3 வருடம்கூட ஆகலாம். தலை பின்ன முடியவில்லை, பின்பாக்கெட்டில் பர்ஸ் வைக்க முடியவில்லை என்றுதான் பலர் முதலில் சொல்வார்கள்.

தசைநார் கிழிவது வேறு கதை. வழுக்கி விழுந்தோ, மூட்டை தூக்கும்போதோ சுருக்கென்று வலித்து, அதன்பின் கையில் பலமே இருக்காது. விபத்தால் முழுதாகக் கிழிந்த நாரை மாதக்கணக்கில் விட்டால், அது உள்ளே சுருங்கிக்கொள்ளும். தசையும் கொழுப்பாக மாறத் தொடங்கும். பிறகு தைப்பது கஷ்டம்.

டாக்டர் என்ன பார்ப்பார்?

எளிய சோதனை ஒன்றே பாதி பதிலைச் சொல்லிவிடும். நோயாளியால் கையைத் தூக்க முடியவில்லை, ஆனால் டாக்டர் பிடித்துத் தூக்கினால் மேலே போகிறது என்றால், தசைநார்க் கிழிசல் மீது சந்தேகம் வரும். டாக்டர் தூக்கினாலும் போகவில்லை என்றால் மூட்டு பூட்டிக்கொண்டிருக்கலாம். கழுத்து நரம்பையும் சேர்த்துப் பார்ப்பார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், நார் தெரியாது. அதற்கு அல்ட்ரா சவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வேண்டும். எல்லோருக்கும் ஸ்கேன் தேவைப்படாது. ஆனால் ரத்தத்தில் சர்க்கரை அளவு பார்ப்பது நல்லது.

சிகிச்சை எப்படி?

பெரும்பாலானவர்களுக்கு வலி மாத்திரையும் பிசியோதெரபியும் போதும். வலி கடுமையாக இருந்தால் மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். சர்க்கரை இருப்பவர்களுக்குச் சில நாட்கள் அளவு ஏறும் என்பதால், முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். கிழிந்த நாரைச் சிறு துளை வழியே தைக்கும் ஆபரேஷனுக்குப் பின் சில வாரங்கள் கை தொட்டிலில் இருக்கும். மீண்டும் மூட்டை தூக்க ஏறத்தாழ ஆறு மாதம் ஆகலாம். தினக்கூலிக் குடும்பத்துக்கு இது வருமானக் கேள்வியும்கூட. 'எத்தனை நாள் வேலைக்குப் போக முடியாது?' என்று ஆபரேஷனுக்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.

எங்கே போவது?

இரண்டு வாரத்தில் வலி குறையவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டலாம். அடுத்த கட்டமாக எலும்பு மூட்டு சிகிச்சைப் பிரிவு. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, கும்பகோணம் அரசு மருத்துவமனை, திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி, 2022-ல் தொடங்கிய நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி ஆகியவை அருகில் உள்ளன. புறநோயாளிகள் பிரிவு காலையில் என்பதால் முதல் பஸ்ஸைப் பிடிப்பது நல்லது.

ஆண்டு வருமானம் ரூ.1.20 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. உங்களுக்கான ஆபரேஷன் அதன் பட்டியலில் இருக்கிறதா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவிலேயே கேட்கலாம். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நடமாட முடியாதவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபி தரப்படுகிறது. சந்தேகங்களுக்கு 104-ஐ அழைக்கலாம்.

காத்திருக்கவே கூடாத நேரம்

• இடது தோள்வலியுடன் நெஞ்சு அழுத்தம், வியர்வை, மூச்சுத்திணறல்: மாரடைப்பாக இருக்கலாம். உடனே 108.

• விழுந்தபின் தோளின் வடிவமே மாறியிருப்பது: மூட்டு விலகியிருக்கலாம், எலும்பு முறிந்திருக்கலாம். யாரும் இழுத்துச் சுளுக்கு எடுக்கக் கூடாது.

• காய்ச்சலுடன் தோள் சிவந்து வீங்குவது.

• கை திடீரென மரத்துப்போவது, பலம் இழப்பது.

சென்னையிலோ பெங்களூருவிலோ இருந்தபடி ஊருக்கு போன் செய்பவர்கள், 'வலி எப்படி இருக்கு?' என்பதோடு இன்னொன்றையும் கேட்கலாம்: 'கையைத் தலைக்கு மேல தூக்க முடியுதா?' இல்லை என்று பதில் வந்தால், அறுப்பு முடியும்வரை தள்ளிப்போட வேண்டாம்.