குறுக்குவில்: பூட்டிய நாணைப் பத்திரமாக இறக்கும் முறை

கட்டை ஒன்றின் முனையில் குறுக்காகப் பொருத்தப்பட்ட வில்லே குறுக்குவில். சாதாரண வில்லில் இழுத்த நாணை வில்லாளியின் விரல்களே பிடித்திருக்கின்றன. எய்ய வேண்டாம் என்று முடிவெடுத்தால் கையை மெல்ல முன்னே கொண்டுவந்து நாணைத் தளர்த்திவிடலாம். குறுக்குவில்லில் அந்த வசதி இல்லை. பின்னுக்கு இழுத்த நாணை ஓர் உலோகக் கொக்கி பற்றிப் பூட்டிக்கொள்கிறது. அந்தப் பூட்டைத் திறப்பது விசை. விசையை அழுத்தினாலோ நாண் முழு வேகத்தில் பாய்கிறது. அதனால்தான் எய்யாமல் நாணை இறக்குவது தனியாகக் கற்க வேண்டிய வேலையாகிறது.

அமெரிக்காவிலும் கனடாவிலும் மான் வேட்டைக்குக் குறுக்குவில் பரவலாகப் பயன்படுகிறது. வேட்டைக்காரர் நாணைப் பூட்டி அம்பை வைத்து, மரத்தில் கட்டிய மேடையில் மணிக்கணக்கில் காத்திருக்கிறார். மான் வராமலே பொழுது சாய்ந்துவிடுவதும் உண்டு. பூட்டிய வில்லோடு மேடையிலிருந்து இறங்குவது ஆபத்து. பூட்டிய வில்லை வண்டியில் ஏற்றிச் செல்வதைப் பல மாநிலங்களின் சட்டம் தடுக்கிறது. நெடுநேரம் பூட்டியபடியே வைத்திருந்தால் வில்லின் வளையும் இரு கைகளும் நாணும் தேவையில்லாத இறுக்கத்தைத் தாங்க வேண்டியிருக்கும். ஆகவே, எய்தாலும் எய்யாவிட்டாலும், அன்றைய வேட்டை முடியும்போது நாண் தளர்ந்திருக்க வேண்டும்.

அம்பில்லாமல் விசையை அழுத்தி நாணை விட்டுவிடலாமே என்று புதிதாகப் பழகுபவருக்குத் தோன்றலாம். செய்யவே கூடாத காரியம் அது. இன்றைய வேட்டைக் குறுக்குவில்களில் பலவற்றின் இழுவிசை 150 முதல் 200 பவுண்டு, அதாவது 68 முதல் 90 கிலோ எடைக்குச் சமம். அத்தகைய வில், 26 கிராம் எடையுள்ள அம்பை நொடிக்கு 107 மீட்டர் வேகத்தில் செலுத்துவதாகக் கொள்வோம். அது மணிக்கு ஏறத்தாழ 385 கிலோமீட்டர். அம்பு கொண்டுசெல்லும் ஆற்றல் ஏறக்குறைய 150 ஜூல். வில்லில் சேர்ந்த ஆற்றலின் பெரும்பகுதியை வெளியே எடுத்துச் செல்வது அம்புதான். அம்பு இல்லையென்றால் அந்த ஆற்றல் முழுவதும் வில்லின் மீதே திரும்புகிறது. வில்லின் கைகளில் விரிசல் விழலாம், நாண் அறுந்து தெறிக்கலாம், முனைகளில் நாண் ஓடும் கேம் சக்கரங்கள் வளைந்து நாண் தடம் விலகலாம். உடைந்து பறக்கும் துண்டுகள் முகத்தையும் கண்ணையும் தாக்கக்கூடும். விரிசல் வெளியே தெரியாமல் உள்ளே தங்கி, அடுத்த முறை நாணை இழுக்கும்போது வில்லின் கை முறிவதும் நடக்கக்கூடியதே.

இந்த விபத்தைத் தவிர்ப்பதற்காகவே புதிய வில்கள் பலவற்றில் வெற்றெய்தல் தடுப்பான், அதாவது அம்பில்லாமல் எய்வதைத் தடுக்கும் சிறு உறுப்பு இருக்கிறது. அம்பின் வால் உரிய இடத்தில் வந்து அழுத்தினால்தான் அது விலகும். அம்பில்லாமல் விசையை அழுத்தினால் நாணை ஓட விடாது. இது தற்செயலான தவறுக்கான காப்பு மட்டுமே. வேண்டுமென்றே அழுத்திச் சோதிப்பதற்காக வைக்கப்பட்டதல்ல.

ஆற்றல் பத்திரமாகப் போக இரண்டே வழிகள் உண்டு. ஒன்று, அம்போடு வெளியேறுவது. மற்றொன்று, ஏதேனும் ஒரு கருவி அதைச் சிறிது சிறிதாகத் திரும்பப் பெற்றுக்கொள்வது. பத்திரமான முறைகள் எல்லாமே இவ்விரண்டுக்குள் அடங்கும்.

எய்யாமல் இறக்க ஏற்றது கைப்பிடி சுழற்றும் கிராங்க் கருவி. கிணற்று ராட்டினத்தில் நிறைகுடத்தை மெல்லக் கீழே விடுவதைப் போன்ற வேலை இது. முதலில் அம்பை எடுத்து எட்ட வைக்க வேண்டும். விசையைத் தடுக்கும் பாதுகாப்புப் பூட்டு போட்ட நிலையிலேயே, வில்லின் முனை ஆளில்லாத திசையில் தரையை நோக்கியிருக்க, கருவியின் கொக்கிகளை நாணின் இருபுறமும் சமமாக மாட்ட வேண்டும். பிறகு கைப்பிடியைச் சற்றுச் சுழற்றி, நாணின் பாரத்தைக் கருவி முழுவதுமாக ஏற்றுக்கொள்ளச் செய்ய வேண்டும். அது உறுதியான பின்னரே பாதுகாப்புப் பூட்டையும், கையேடு சொல்லும் விதத்தில் தடுப்பானையும் விலக்கி, விசையை அழுத்த வேண்டும். இப்போது நாண் கருவியின் கொக்கிகளின் பிடிக்கு வந்துவிடும். கைப்பிடியை எதிர்த்திசையில் மெதுவாகச் சுழற்றினால் நாண் பழைய இடத்துக்குத் திரும்பும். இந்த நேரம் முழுவதும் விரல்கள் நாண் ஓடும் தடத்துக்குக் கீழேதான் இருக்க வேண்டும்.

எல்லாக் கிராங்குகளும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. நாணை இழுப்பதற்கு மட்டுமே ஏற்ற பழைய கருவிகளில், இறக்கும்போது கை நழுவினால் கைப்பிடி வெறிகொண்டு சுழன்று மணிக்கட்டை உடைக்கக்கூடும். நாணும் வெற்றெய்தலாகப் பாயும். அண்மைக் காலத்தில் சில வில்களில் இந்தக் குறை தீர்க்கப்பட்டிருக்கிறது. ஒஹாயோ மாநிலத்தின் டென்பாயிண்ட் நிறுவனம் உருவாக்கிய அக்யூஸ்லைடு அமைப்பில், கைப்பிடியை விட்டாலும் நாண் அந்த இடத்திலேயே நிற்கும். விஸ்கான்சினைச் சேர்ந்த ராவின் நிறுவனத்தின் வில்களில் நாணைப் பிடித்திருக்கும் பெட்டியே தடத்தில் முன்னும் பின்னும் நகர்கிறது. இறக்கும்போது நாண் அந்தப் பெட்டியோடு சேர்ந்தே முன்னே வருகிறது.

இயந்திரத்தின் துணையோடு நாணைக் கையாளுவது புதிய எண்ணமல்ல. 15-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் எஃகு வில்களை வெறும் கையால் இழுக்க முடியாது. பல்சக்கரமும் பற்சட்டமும் கொண்ட கிரானிக்வின், கயிறும் கப்பியும் கொண்ட விண்ட்லாஸ் ஆகிய கருவிகள் அதற்குப் பயன்பட்டன. நாணைப் பற்றிக்கொண்டு சிறிது சிறிதாக இழுக்கும் அதே தத்துவமே இன்றைய கிராங்கிலும் இருக்கிறது.

கயிற்றால் நாணை இழுப்பவர்கள் அதே கயிற்றால் இறக்க முயல்வதுண்டு. இதில் கவனம் மிகவும் தேவை. கயிற்றில் உள்ள கப்பிகள் பாரத்தைப் பாதியாகக் குறைத்தாலும், 175 பவுண்டு வில்லில் மீதி 40 கிலோ அளவு கைகளில் நிற்கும். அதைத் தாங்கும்போதே ஒரு விரல் பாதுகாப்புப் பூட்டையும் விசையையும் கையாள வேண்டும். பூட்டு விடுபடும் கணத்தில் பாரம் திடீரென்று கைக்கு மாறுகிறது. அப்போது பிடி தளர்ந்தால் வில்லும் கையும் ஒருசேரச் சேதமாகும். அந்த வில்லின் கையேடு இம்முறையை வெளிப்படையாக அனுமதித்திருந்தால் அல்லாமல் இதில் இறங்கக் கூடாது. விசையை அழுத்த இன்னொருவரைத் துணைக்கு அழைப்பதும் சரியல்ல; ஆபத்துக்குள்ளாகிறவர் இருவர் ஆகிவிடுவார்கள்.

இறக்கும் வசதியுள்ள கிராங்க் இல்லாதவருக்கு, எய்தே தளர்த்துவதுதான் பத்திரமான வழி. இதற்கென்றே மழுங்கிய முனையுள்ள மலிவான அம்புகள் விற்கப்படுகின்றன. கூரிய அலகுள்ள வேட்டை முனையை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அம்பின் எடை அந்த வில்லுக்குக் குறிக்கப்பட்ட குறைந்த அளவுக்குக் கீழே இருக்கக் கூடாது. மிக இலேசான அம்பை எய்வது வெற்றெய்தலுக்கு நெருங்கியது. வால் வடிவமும் வில்லுக்குப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் நாண் அம்பின் மேலேயோ கீழேயோ வழுக்கிச் செல்லும். அம்பைத் தாங்கும் இலக்குப் பையில் எய்வது மிக நல்லது. அது கிடைக்காதபோது, கல்லும் வேரும் இல்லாத மென்மண்ணில், சில மீட்டர் தள்ளி, காலுக்கு அருகே விழாதபடி எய்யலாம். கடினத் தரையில் அம்பு எகிறித் திரும்பும்.

நாணைக் கத்தியால் அறுப்பது, பூட்டிய நிலையில் திருகுகளைக் கழற்றுவது, நாணைக் கம்பியால் நெம்புவது ஆகியவை எந்தச் சூழலிலும் கூடாதவை. பூட்டு சிக்கிக்கொண்டு நாண் விடுபடாமல் நின்றால், முனையைப் பத்திரமான திசையில் வைத்தபடி தேர்ந்த பழுதுநீக்குநரின் உதவியை நாட வேண்டும்.

இறக்கிய பிறகு வில்லைப் பார்வையிடுவது வேலையின் கடைசிப் பகுதி. நாணில் இழை பிரிந்திருக்கிறதா, அது சக்கரப் பள்ளத்தில் சரியாக அமர்ந்திருக்கிறதா, வில்லின் கைகளில் மயிரிழை விரிசல் உண்டா என்று கவனிக்க வேண்டும். தவறுதலாக ஒருமுறை வெற்றெய்தல் நடந்திருந்தால், கண்ணுக்குச் சேதம் எதுவும் தெரியாவிட்டாலும், பழுதுபார்ப்பவரிடம் காட்டிய பிறகே அந்த வில்லின் நாணை மீண்டும் இழுக்க வேண்டும்.