கோடையில் கொதிக்கும் பிக்கப் என்ஜின்: காரணம் என்ன, காப்பது எப்படி?

ராஜஸ்தான் மாநிலம் பலோடியில் 2016ஆம் ஆண்டு மே 19ஆம் தேதி 51 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவானது. இத்தகைய கடும் வெயில் வாட்டும் அம்மாநிலத்தின் மேற்கு மாவட்டங்களில், காய்கறி, பால், கட்டுமானப் பொருள்கள் எனப் பலவற்றையும் பிக்கப் வாகனங்கள் சுமந்து செல்கின்றன. நடுவழியில் என்ஜின் சூடேறி நின்றுவிட்டால், அன்றைய வாடகையுடன் ஏற்றிய சரக்கும் வீணாக நேரிடும்.

வெயிலில் நடப்பது என்ன?

என்ஜினில் டீசல் எரிந்து உண்டாகும் வெப்பத்தில் ஒரு பகுதியே சக்கரங்களைச் சுழற்றப் பயன்படுகிறது. எஞ்சியதில் ஒரு பங்கு புகையுடன் வெளியேறுகிறது. மற்றொரு பங்கை ‘கூலன்ட்’ எனப்படும் குளிர்விப்புத் திரவம் ரேடியேட்டருக்குக் கொண்டு சென்று காற்றில் கலக்கச் செய்கிறது.

திரவத்துக்கும் வெளிக்காற்றுக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாடே இதில் முக்கியம். திரவம் 90 டிகிரியிலும் காற்று 25 டிகிரியிலும் இருந்தால் வேறுபாடு 65 டிகிரி. காற்று 48 டிகிரியை எட்டினால் அது 42 டிகிரியாகக் குறையும். அதாவது, அதே ரேடியேட்டர் வெளியேற்றும் வெப்பம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. இத்துடன் அதிக சுமையும் ஏற்றமான சாலையும் சேரும்போது என்ஜின் கொதிநிலையை நெருங்குகிறது.

தண்ணீர் மட்டும் போதாதா?

சாதாரண அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். எத்திலீன் கிளைக்கால் சரிபாதி கலந்த நீர் சுமார் 107 டிகிரியில்தான் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைத் தக்கவைப்பதால் கொதிநிலை மேலும் உயர்கிறது. மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. கிணற்று நீரையும் குழாய் நீரையும் தொடர்ந்து ஊற்றினால், அவற்றிலுள்ள உப்புகள் படிந்து குழாய்கள் அடைபடும். எனவே, வாகனக் கையேட்டில் குறிப்பிட்டுள்ள கூலன்ட்டையும் வாலை வடிநீரையுமே பயன்படுத்த வேண்டும். எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ள நச்சு என்பதால், குழந்தைகளுக்கும் கால்நடைகளுக்கும் எட்டாமல் வைப்பது அவசியம்.

புறப்படும் முன்

என்ஜின் குளிர்ந்திருக்கும்போது கூலன்ட் அளவு, ரப்பர் குழாய்கள், பெல்ட், விசிறி ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். ரேடியேட்டர் இடுக்குகளில் சிக்கிய தூசு, வைக்கோல் துகள்கள், பூச்சிகளை மெதுவாக நீர் பாய்ச்சி அகற்றலாம். முன்பக்கக் காற்றுவழியை மறைக்கும் கூடுதல் விளக்குகள், பலகைகளைத் தவிர்ப்பது நல்லது.

முள் ஏறினால்

வெப்பமானியின் முள் வழக்கத்தைவிட உயர்ந்தால் உடனே ஏசியை நிறுத்த வேண்டும். ஹீட்டர் இருந்தால் அதை இயக்குவது என்ஜினின் வெப்பத்தைச் சிறிது குறைக்கும். முள் சிவப்புக் கோட்டைத் தொட்டாலோ, ஆவி வெளியேறினாலோ, வாகனத்தை ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைத்துவிட வேண்டும்.

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிக்கும் திரவம் முகத்தில் பீறிடும். சூடான என்ஜின் மீது குளிர்ந்த நீரை ஊற்றினால் உலோகத்தில் விரிசல் ஏற்படலாம். குறைந்தது அரை மணி நேரமாவது காத்திருந்து, முழுமையாகக் குளிர்ந்த பின்னரே திறக்க வேண்டும். அவசரப்பட்டு தொடர்ந்து ஓட்டினால் சிலிண்டர் ஹெட் வளைந்து, ஹெட் கேஸ்கெட் பழுதாகும். சில நூறு ரூபாய் மூடியை மாற்றாமல் விடுவது, பல ஆயிரம் ரூபாய் செலவிலும் பல நாள் வருமான இழப்பிலும் முடியக்கூடும்.