கடனல்ல, பங்கு: டான்சீட் பணத்தின் கணக்கு

புதுத் தொழில்களுக்குத் தமிழக அரசு தரும் டான்சீட் தொடக்க நிதிக்கு விண்ணப்பிக்கக் கடைசித் தேதி நெருங்கினால், தர்மபுரி வாசகர்களின் கடிதங்களில் ஒரே கேள்விதான்: பத்து லட்சம் கடனா, மானியமா? பாலக்கோட்டில் தக்காளியைப் பொடியாக்கி விற்க நினைப்பவருக்கும் அதே குழப்பம், பென்னாகரத்தில் கேழ்வரகு பிஸ்கட் போடுபவருக்கும் அதே குழப்பம்.

கடன் இல்லை. அரசுத் தரப்பு மானியம் என்றாலும், அது முழு உண்மையல்ல. புதுத் தொழில்களுக்கான தமிழக அரசு அமைப்பான ஸ்டார்ட்அப் டிஎன் 10 லட்சம் ரூபாய் தருகிறது. பெண்கள் நடத்தும் நிறுவனங்கள், பசுமைத் தொழில்நுட்பம், ஊரகத் தொழில் என்றால் 15 லட்சம். பதிலுக்கு நிறுவனத்தில் 3 சதவீதப் பங்கை எடுத்துக்கொள்கிறது.

இது முதலீட்டாளர்களின் வழி. மதுரையில் நேட்டிவ்லீட் அமைப்பைத் தொடங்கி, சிறு நகரத் தொழில்களில் உள்ளூர்க்காரர்களையே முதலீடு செய்ய வைத்தவர் சிவராஜா ராமநாதன். 2021-இல் அவரையே ஸ்டார்ட்அப் டிஎன்னுக்குத் தலைமையேற்க அரசு அழைத்தது. பிரிட்டனும் 2020-இல் முதலீட்டாளர் கேட் பிங்கமிடம்தான் கொரோனா தடுப்பூசிக் குழுவை ஒப்படைத்தது. சில தோற்கும் என்று தெரிந்தே அவர் ஏழு தடுப்பூசிகளுக்கு ஏற்பாடு செய்தார்.

சில தோற்கும் என்று தெரிந்தே பலவற்றில் போடுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. பத்து நிறுவனங்களுக்குத் தலா 10 லட்சம், ஆக ஒரு கோடி. ஒன்பது மூடிவிட்டாலும், மிஞ்சிய ஒன்றின் மதிப்பு 34 கோடியைத் தொட்டால் போட்ட பணம் திரும்பிவிடும். இடையில் புது முதலீட்டாளர்கள் நுழைந்து அரசின் பங்கு சுருங்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் அரசுத் தணிக்கை மொத்தக் கணக்கோடு நிற்காது. மூடிய ஒன்பதும் ஏன் மூடின என்று தனித்தனியாகக் கேட்கும். அதற்குப் பயந்து, ஏற்கெனவே காலூன்றிவிட்ட சென்னை, கோவை நிறுவனங்களையே தேர்ந்தெடுத்தால் தர்மபுரிக்கு என்ன மிஞ்சும்? 2021-இல் சுமார் 2,000 ஆக இருந்த ஸ்டார்ட்அப்கள் 10,000-ஐத் தாண்டிவிட்டன என்கிறது அரசு. அது பதிவுக் கணக்கு. பிழைத்திருப்பவை எத்தனை என்பது வேறு கணக்கு. அரசு வைத்திருக்கும் பங்குகளின் இன்றைய மதிப்பையும், மூடியவற்றின் பட்டியலையும் மாவட்டவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். போட்டது மக்கள் பணம்.

தனிநபர் கடைக்குக் கிடைக்குமா? கிடைக்காது, நிறுவனமாகப் பதிந்து, மத்திய அரசின் ஸ்டார்ட்அப் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும்.

சித்தேரி மலை மக்களுக்கு? பட்டியலின, பழங்குடியினருக்குத் தனி நிதி உண்டு. அதுவும் பங்கு முதலீடுதான்.

பங்கு தர மனமில்லையா? மாவட்டத் தொழில் மையத்தில் நீட்ஸ் திட்டத்தைக் கேளுங்கள். மானியத்துடன் வங்கிக் கடன் கிடைக்கும்.

எதுவானாலும், கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தை ஓர் ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள்.