19லிருந்து 6 போனா?

முழுப் பரீட்சை முடிஞ்ச கடைசி நாள், எங்க அம்மா ஊர்ல இருக்கிற ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்குப் போயிருந்தேன். அன்னைக்கு ஆண்டு விழா. அஞ்சு வகுப்புக்கும் சேர்த்து மொத்தமே 19 பிள்ளைங்க, 2 டீச்சர். நீங்க படிச்ச ஸ்கூல்ல ஒரு செக்‌ஷன்லயே இதைவிட அதிகம் இருந்திருப்பாங்க.

அஞ்சாவது முடிச்ச 6 பேர் டிசி வாங்கிட்டுப் போறாங்க. மிச்சம் 13.

2009 கல்வி உரிமைச் சட்டப்படி, 60 பிள்ளைங்க வரைக்கும் தொடக்கப் பள்ளிக்கு 2 ஆசிரியர்கள். ஒருத்தர் பயிற்சிக்குப் போனா, இன்னொருத்தருக்கு அஞ்சு வகுப்பும். ஆனா ஊருக்குப் பயம் வேற: ஆள் குறைஞ்சா பள்ளியை மூடிடுவாங்களோ? பயந்தவங்க பிள்ளையை டவுன் ஸ்கூல் வேன்ல ஏத்திடறாங்க. அதனாலயே எண்ணிக்கை இன்னும் குறையுது. இங்க காலைச் சாப்பாடு உண்டு, மதியச் சாப்பாடு உண்டு, வேன்தான் இல்ல.

விழாவுல முன்வரிசை முழுக்க அங்கன்வாடிக் குழந்தைங்களோட அம்மாக்கள். பெற்றோரைத்தானே முன்னாடி உட்கார வைப்பாங்கன்னு கேட்டேன். “இவங்கதான் தம்பி அடுத்த வருஷப் பெற்றோர்”னாங்க தலைமையாசிரியை.

ஒன்றாம் வகுப்புப் பொண்ணு ஒண்ணு மைக்ல தடங்காம கதை வாசிச்சா. முன்வரிசை கை தட்டுச்சு. டீச்சர் நோட்டை எடுத்துக்கிட்டு இறங்கிட்டாங்க.

சாயங்காலத்துக்குள்ள 3 பேர். 16.