சேற்றுக்குள் தங்கும் எண்ணெய்

கெலுகோர் பக்கமிருந்து பினாங்குப் பாலத்தில் ஏறுபவர்களுக்குக் கீழே தெரிவது வெறும் கலங்கல் தண்ணீர்தான். ஆனால் அருகிலேயே ‘மிடில் பேங்க்’ என்ற கடல்புல் திட்டு இருக்கிறது. மலாக்கா நீரிணையின் டேங்கர் கப்பல்களும் வெகு தொலைவில் இல்லை.

எண்ணெய் கொட்டினால் என்ன ஆகும்? சென்னைக்கு அருகிலுள்ள எண்ணூரைக் கேளுங்கள். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி தொழிற்பகுதி எண்ணெய் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் பரவியது. மீனவர்கள் வாளியால் அள்ளினார்கள். கூழைக்கடாக்களின் வெள்ளை இறகு கறுத்துப் பிசுபிசுத்தது. படங்களில் வந்தது அவ்வளவுதான். வராத சேறுதான் முக்கியம்.

சேற்றின் மேல் படரும் பாசியை நத்தையும் புழுவும் தின்னும். அவற்றை நண்டும் மீனும், மீனைப் பறவையும். அமெரிக்காவில் 2010-ல் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்க் கசிவு விபத்துக்குப் பிறகு, லூசியானா உப்புச் சதுப்பில் வாழும் குருவியின் இறகில் அந்த எண்ணெயின் கார்பன் அடையாளம் கிடைத்தது. குருவி கடலில் நீந்தவில்லை. சதுப்பில் இரை பொறுக்கியது, அவ்வளவே.

மசாசூசெட்ஸ் கதை இன்னும் திகைப்பானது. 1969-ல் ‘புளோரிடா’ என்ற சரக்குப் படகு தரைதட்டி, எரிஎண்ணெய் வைல்டு ஹார்பர் சதுப்பில் புகுந்தது. ஏறக்குறைய 40 ஆண்டுகள் கழித்தும், ஒற்றைக் கொடுக்கு பெருத்த சிறு நண்டுகள் வளை தோண்டும்போது எண்ணெய் படிந்த அடுக்கைத் தொட்டதும் நின்றுவிட்டன. சில பக்கவாட்டில் திரும்பின. வளை ஆழமாக இறங்காவிட்டால் சேற்றுக்குக் காற்று போகாது, சதுப்புப் புல்லின் வேரும் தளரும்.

நம் கரைகளில் அந்தப் புல்லின் இடத்தில் அலையாத்தி நிற்கிறது. அதன் மூச்சு வேர்களை எண்ணெய் அடைத்தால் மரமே பட்டுப்போகும்.